கின்னியும் பதக்கமும்

நீரில் மூழ்கியவரை உயிர்ப்பிக்க இயலும் என்பதைப் பலரும் நம்பாத காலம். 1774-இல் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்னும் இரு மருத்துவர்கள் லண்டனில் ஒரு சங்கம் கண்டனர். பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி எனப் பெயர் பெற்றது அதுவே. உயிர்ப்பிக்க முயன்றோர்க்கு இரண்டு கின்னிப் பொற்காசுகள். உயிர் மீண்டால் நான்கு. மூழ்கியவரின் உடலை உள்ளே கிடத்த இடங்கொடுத்த விடுதிக்காரருக்கும் ஒரு கின்னி! நம்மைப் பெரிதும் கவர்வது இந்த ஏற்பாடுதான். கதவைத் திறந்துவிடுவதையும் உயிர்காக்கும் பணியாக அச்சங்கம் மதித்தது.

ஆனால் ஒருவர் மூழ்குவதுபோல் நடிக்க, மற்றவர் மீட்டு, பரிசை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் மோசடி தலைதூக்கவே, படிப்படியாகப் பணம் போய்ப் பதக்கமும் சான்றிதழும் வந்தன. ஏழைப் படகோட்டிக்கு இது இழப்பே எனக் கருதுகிறோம். இந்திய அரசு 1961-இல் நிறுவிய ஜீவன் ரக்ஷா விருதோ மூன்று நிலைகளிலும் பதக்கத்துடன் பணமும் அளிக்கிறது; மீட்கச் சென்று உயிர்நீத்தவர்க்கும் அது வழங்கப்படுகிறது.