கொஞ்சம் பொறு, புதுசு வருது

ஆனி மாதக் கடைசியில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் ஒரு மந்தம் வரும். ஆள் வராமல் இல்லை. வருகிறார்கள், நாலு புடவையை விரிக்கச் சொல்கிறார்கள், முந்தானையைத் தடவிப் பார்த்து விலை கேட்கிறார்கள். அப்புறம் "ஆடி வரட்டும், பாத்துக்கலாம்" என்று எழுந்து விடுகிறார்கள். தள்ளுபடி வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் இன்றைய விலை நியாயமாக இருந்தாலும் கசக்கும்.

2025-இல் இதையே நாடு முழுக்கப் பார்த்தோம். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் ஜி.எஸ்.டி. குறையப்போவதாகச் சொன்னார். புது விகிதம் அமலுக்கு வந்தது செப்டம்பர் 22-இல். இடையில் இருந்த ஐந்து வாரமும் கார் வாங்க நினைத்தவர்கள், டி.வி. வாங்க நினைத்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஷோரூமில் வண்டி நின்றது, வங்கிக் கடனுக்கு வட்டி ஓடியது. நல்ல செய்திதான். ஆனால் அது வந்து சேரும்வரை அதன் செலவை யாரோ ஒருவர் தாங்கவேண்டியிருந்தது.

கணினித் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆஸ்போர்ன் விளைவு. அடுத்த மாடலைப் பற்றிய பேச்சு, கையில் இருக்கும் மாடலைக் கொன்றுவிடுவது. மேனேஜ்மென்ட் வகுப்பிலிருந்து டீக்கடை விவாதம் வரை புழங்குகிற சொல் இது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பால்யத்தைக் கழித்தது திருவண்ணாமலையில் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வழியாக பஸ் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆடம் ஆஸ்போர்ன் பிறந்தது 1939-இல், பாங்காக்கில். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் அங்கே பல்கலைக்கழக ஆசிரியர், ஆங்கிலேயர். அம்மா லூசியா போலந்துக்காரர். ரமண மகரிஷி பற்றி ஆங்கிலத்தில் தேடிப் படித்தவர்களுக்கு ஆர்தர் ஆஸ்போர்ன் பழகிய பெயர். மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், 1964-இல் ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கியவர். போர்க்காலத்தில் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்காக பாங்காக் திரும்பினார். ஜப்பானியப் படை உள்ளே வந்தது, அவரைச் சிறைமுகாமில் அடைத்தது. போர் முடிந்து 1945-இல் அவர் அருணாசலத்தின் அடிவாரத்துக்கு வந்து சேரும்வரை, குழந்தைகள் அப்பா இல்லாமல் ஆசிரமத்தைச் சுற்றியே வளர்ந்தார்கள்.

ஆடம் கொஞ்ச காலம் கொடைக்கானலில் பள்ளியில் படித்தார். பிறகு இங்கிலாந்து. பர்மிங்காமில் கெமிக்கல் இன்ஜினியரிங், அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. அந்த வேலை ஒத்துவரவில்லை. எழுபதுகளில் மைக்ரோபிராசஸர் என்ற புது வஸ்து வந்தபோது, அதை மனுஷனுக்குப் புரிகிற மாதிரி விளக்கிப் புத்தகம் எழுதுகிற ஆள் ஆனார். சொந்தமாகப் பதிப்பகமும் நடத்தினார். 1979-இல் அதை மெக்ராஹில் வாங்கியது. பத்திரிகைப் பத்தியில் கணினிக் கம்பெனிகளை வறுத்தெடுப்பார். இன்னும் வராத இயந்திரத்தை வந்துவிட்டதாக விளம்பரம் செய்து முன்பணம் வாங்குகிறவர்கள்மீது அவருக்கு அப்படி ஒரு கோபம். பின்னால் நடந்ததை நினைத்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

விமர்சனம் போதும், நாமே செய்து காட்டுவோம் என்று இறங்கினார். லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைப்பில் 1981 ஏப்ரலில் ஆஸ்போர்ன்-1 வெளிவந்தது. எடை பதினோரு கிலோ. மூடினால் தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். ஐந்து அங்குலத் திரை, ஒரு வரிக்கு 52 எழுத்து, 64 கிலோபைட் நினைவகம், இரண்டு ஃபிளாப்பி. பேட்டரி கிடையாது, எங்கே போனாலும் பிளக் பாயின்ட் தேடவேண்டும். ஆனால் விமான இருக்கைக்கு அடியில் வைக்கலாம். விலை 1,795 டாலர். கூடவே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், இரண்டு பேசிக் மொழிகள். தனித்தனியாக வாங்கினால் அந்த மென்பொருளுக்கே கிட்டத்தட்ட 1,500 டாலர் ஆகும். கணினியோடு மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது இன்று சாதாரணம். அன்றைக்கு அது வியாபாரத்தையே புரட்டிப்போட்ட யோசனை.

அதில் புதிய தொழில்நுட்பம் என்று எதுவுமே இல்லை. கடையில் கிடைத்த பாகங்கள்தான். தேவைக்குப் போதுமானதாக இருந்தால் சரி, அதற்கு மேலே உள்ளதெல்லாம் அநாவசியம் என்பது ஆஸ்போர்னின் கொள்கை. அது எடுபட்டது. உச்சத்தில் மாதம் பத்தாயிரம் பெட்டிகள் விற்றன.

போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? 1982-இல் கேப்ரோ அதே 1,795 டாலருக்கு ஒன்பது அங்குலத் திரையோடு வந்தது. அந்த வருஷ நவம்பரில், ஐ.பி.எம். கணினிக்கான மென்பொருளை அப்படியே ஓட்டக்கூடிய பெட்டியை காம்பேக் அறிவித்தது. ஆஸ்போர்னும் அடுத்த மாடலைத் தயார் செய்துகொண்டிருந்தார். பெயர் எக்ஸிகியூட்டிவ். ஏழு அங்குலத் திரை, வரிக்கு 80 எழுத்து. 1983 தொடக்கத்தில், அது கடைக்கு வருவதற்கு முன்பே, 'எழுதாதீர்கள்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். வாயை எப்படிக் கட்டுவது? கடைக்காரர்கள் காதுக்குப் போயிற்று. பழைய மாடலுக்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்தார்கள். பழையது விற்கவில்லை, புதியது இன்னும் வரவில்லை, கையில் காசு இல்லை. செப்டம்பர் 13, 1983 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. முதல் பெட்டி விற்று இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

கதை இவ்வளவு சுத்தமாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படவேண்டும். கேப்ரோவின் பெரிய திரையும், ஐ.பி.எம். பக்கம் சாய்ந்துவிட்ட சந்தையும் ஆஸ்போர்ன் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அடித்திருக்கும். அந்தக் கம்பெனியில் வேலை செய்த ஒருவர் பல வருஷம் கழித்து இன்னொரு கணக்குச் சொன்னார். பழைய மாடலுக்கான மதர்போர்டுகள் 1,50,000 டாலர் மதிப்புக்கு மிச்சம் இருந்தனவாம். வீணாக்குவானேன் என்று அவற்றை முழுப் பெட்டியாக்கி விற்க முடிவு செய்தார்களாம். கூடு, திரை, டிரைவ் எல்லாம் வாங்க இருபது லட்சம் டாலர் போயிற்றாம். ஆஸ்போர்னே ஜான் டிவோராக்கோடு சேர்ந்து 1984-இல் 'ஹைபர்குரோத்' என்று புத்தகம் எழுதினார். தன் ஆட்டம் முடிந்த கதையைத் தன் பக்கத்திலிருந்து சொன்னார். உலகம் அந்த நுணுக்கமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. 'முன்கூட்டிச் சொன்னான், கெட்டான்' என்ற ஒற்றை வரியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அந்த ஒற்றை வரியைத் தொழில் மனப்பாடம் செய்துகொண்டதில் பிறந்ததுதான் இன்றைய வதந்தி உலகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுவனங்கள் வாயைப் பூட்டிக்கொண்டன. வாங்குகிறவனுக்கோ அடுத்து என்ன என்று தெரியவேண்டும். நடுவில் உள்ள அந்த இடைவெளியில் ஒரு தனித் தொழிலே வளர்ந்துவிட்டது. ஆப்பிள் மேக்புக்கில் ஓலெட் திரை வருமாம், தொடுதிரை வருமாம் என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டால் கை வலிக்கும், அது ஆகாது என்று 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சொன்னார். அப்புறமும் பேச்சு ஓயவில்லை.

இந்த வதந்திகள் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. திரை ஆலைக்குப் பல மாதம் முன்பே ஆர்டர் போகவேண்டும், அது நூறு பேருக்குத் தெரியும். இந்தியாவில் லேப்டாப் விற்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்யவேண்டும், அந்தப் பட்டியலில் மாடல் எண் எட்டிப் பார்க்கும். சோதனைக்கு விடப்படும் இயங்குதளத்தில் இன்னும் பிறக்காத இயந்திரத்தின் பெயர் ஒரு மூலையில் கிடக்கும். மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெயரை அங்கே யாரும் வேண்டுமென்று வைப்பதில்லை, துடைக்க மறந்துபோவதுதான். ஆக, 'வரும்' என்பதில் பெரும்பாலும் உண்மை இருக்கும். 'எப்போது', 'என்ன விலைக்கு', 'நமக்குக் கிடைக்கிற மாடலில் இருக்குமா' என்ற மூன்றில்தான் வதந்தி தடுக்கி விழும்.

வாங்குகிறவனுக்குத் தேவையானதும் அந்த மூன்றுதான். முசரவாக்கத்தில் என் சித்தப்பா பையன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, "அண்ணா, இப்பவே வாங்கலாமா, இல்ல புது சிப் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவனே யூடியூப் பார்த்து வெயிட் பண்ண முடிவெடுத்துவிட்டான். முதல் செமஸ்டர் முழுக்க சி புரோகிராமை போனில் டைப் செய்தான். வந்த புது சிப் அவன் பட்ஜெட்டுக்கு இருபதாயிரம் ரூபாய் மேலே இருந்தது. கடைசியில் வாங்கியது ஜூன் மாதம் பார்த்து வைத்த அதே மாடலைத்தான்.

முன்கூட்டிச் சொன்னால் எல்லாரும் கெட்டுப்போவதும் இல்லை. 2005 ஜூனில், அடுத்த வருஷத்திலிருந்து இன்டெல் சிப்புக்கு மாறுகிறோம் என்று ஆப்பிள் வெளிப்படையாகவே சொன்னது. 2020 ஜூனில், இன்டெல்லை விட்டுச் சொந்த சிப்புக்குப் போகிறோம், இரண்டு வருஷம் ஆகும் என்றது. இரண்டு முறையும் கம்பெனி கவிழவில்லை. முதல் இன்டெல் மேக் ஏழு மாதத்தில் வந்தது, முதல் எம்-1 ஐந்து மாதத்தில் வந்தது. நடுவில் தாக்குப்பிடிக்கப் பணமும் இருந்தது. ஆஸ்போர்னிடம் யோசனை இருந்தது, கையிருப்பு இல்லை. அவரைச் சாய்த்ததில் அறிவிப்பைவிட அறிவிப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த மாதங்களுக்கே பங்கு அதிகம்.

அந்த மாதங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் வந்தன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கியது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை, அதிலும் நிறையப் பெண்பிள்ளைகளை, கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும். தறிக்குழியில் உட்கார்ந்த குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் அப்படித்தான் பலருக்கு வந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலாப், சொந்த சிம்பியனை விட்டுவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனுக்குப் போகிறோம் என்று அறிவித்தார். முதல் லூமியா கடைக்கு வந்தது அந்த வருஷக் கடைசியில். நடுவில் ஒன்பது மாதம். நிறுவனமே கைவிட்டுவிட்டது என்று தெரிந்த சிம்பியன் போனை யார் வாங்குவார்கள்? விற்பனை சரிந்தது. ஆஸ்போர்ன் பெயரை எல்லாரும் மறுபடி எடுத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொன்னால் தப்பு. அங்கே செய்தது பெரும்பாலும் மலிவு விலை போன்கள். ஆண்ட்ராய்டு அலை ஒரு பக்கம். வருமான வரித் துறையோடும் மாநில அரசோடும் இருந்த வரித் தகராறு இன்னொரு பக்கம். வழக்கில் ஆலை முடங்கியதால், 2014-இல் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கிய மைக்ரோசாப்ட் இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கினார்கள். ஓய்வுக்கு விருப்பம் தெரிவித்தவர்களில் பலருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. அந்த நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. ஐந்து வருஷம் கழித்து, போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் அந்த வளாகத்தை எடுத்துக்கொண்டது. அறிவித்தவர்கள் வேறு நிறுவனங்களுக்கு நல்ல பணத்தோடு போனார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பஸ்ஸிலேயே வீடு திரும்பினார்கள்.

ஆடம் ஆஸ்போர்ன் அப்புறமும் ஓயவில்லை. பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று ஆரம்பித்து மலிவு விலையில் மென்பொருள் விற்றார். தங்கள் விரிதாளைப் போலவே இருக்கிறது என்று லோட்டஸ் வழக்குப் போட்டு 1990-இல் ஜெயித்தது. உடம்பு விட்டுக்கொடுத்தது, மூளையில் சிறு சிறு பக்கவாதங்கள். 1992-இல் இந்தியாவுக்கே திரும்பி, கொடைக்கானலில் சகோதரியோடு இருந்தார். 2003 மார்ச் 18 அன்று தூக்கத்தில் இறந்தார். வயது 64. சிறுவனாகப் பள்ளிக்குப் போன அதே மலை.

இன்று ஸ்ரீபெரும்புதூரில் டெல் ஆலை இருக்கிறது, எச்.பி.க்காக லேப்டாப் செய்யும் ஃபிளெக்ஸ் இருக்கிறது, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் இருக்கிறது. காலை ஷிஃப்டுக்குக் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பஸ் நிற்கிறது. அடுத்த லேப்டாப்பில் என்ன வரும் என்று நாம் ஊகித்துக்கொண்டிருக்கும்போது, இந்த லேப்டாப்பின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பது அந்த பஸ்ஸில் போன பெண்ணாக இருக்கலாம். 'புதுசு வருது, கொஞ்சம் பொறு' என்பது நமக்கு ஒரு ஆர்வம், ஒரு பொழுதுபோக்கு. பொறுப்பவர்கள் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினால், அவளுக்கு அது அடுத்த மாத ஓவர்டைம் இல்லை என்று பொருள், சில சமயம் கான்ட்ராக்ட் நீட்டிப்பு இல்லை என்று பொருள்.

அதற்காக வேண்டாததை வாங்கச் சொல்லவில்லை. வேலைக்குத் தேவையென்றால், இன்று கடையில் இருப்பது அந்த வேலைக்குப் போதுமென்றால், வாங்கிவிடலாம். ஆஸ்போர்ன் தன் பெட்டியைச் செய்தது அந்த அளவுகோலில்தான். திரை ஐந்து அங்குலம்தான் என்று தெரிந்தே மாதம் பத்தாயிரம் பேர் வாங்கினார்கள், அதில் கடிதம் எழுதினார்கள், கணக்குப் போட்டார்கள். அடுத்தது ஏழு அங்குலம் என்று காதில் விழும்வரை அந்தத் திரை அவர்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.