மின்னெழுத்தாணியும் படியெடுப்பின் மெய்ம்மையும்

ஓலையில் எழுதுதற்குரிய இரும்புக் கோலை நம் முன்னோர் எழுத்தாணி என்றனர். இன்று டேப்லட் எனப்படும் கணினிப் பலகையின்மேல் எழுதும் கோலுக்கும் அப்பெயர் பொருந்தும். ஒப்புமை சொல்லளவில் நின்றுவிடுவதன்று. ஓலையாணி மையின்றிக் கீறும். கீறிய பின்னரே கரியும் எண்ணெயும் தடவி எழுத்தைக் கண்ணுக்குப் புலனாக்குவர். மின்னெழுத்தாணியும் மையற்றதே, எழுதுதல் ஒரு செயல், எழுத்துத் தோன்றுதல் பிறிதொரு செயல். ஆயினும் ஓலையில் தடவிய கரி ஆணி கீறிய பள்ளத்திலேயே தங்கும். மின்பலகையிலோ கை சென்ற வழிக்கும் திரையில் தோன்றும் கோட்டிற்கும் இடையே கணக்கிடும் பொறி ஒன்று நிற்கின்றது. கல்வெட்டு, சுவடி ஆகியவற்றின் ஒளிப்படங்கள்மீது இக்கோலைக் கொண்டு எழுத்து வடிவங்களைப் படியெடுப்பார், அப்பொறி செய்வது யாது என அறிதல் வேண்டும். அதன் வரலாறே இதனை நன்கு விளக்கும்.

கையசைவை மின்னோட்டமாக மாற்றும் முயற்சி கணினிக்கும் முற்பட்டது. அமெரிக்கரான எலிஷா கிரே 1888-இல் உரிமம் பெற்ற டெலாட்டோகிராப், கோலின் அசைவைக் கம்பி வழியே செலுத்திச் சேய்மையிலுள்ள மற்றொரு கோலை அவ்வாறே இயங்கச் செய்தது. அது எழுத்தைக் கடத்தியதேயன்றிப் படித்தறியவில்லை. 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்து டாம் டைமண்ட் விளக்கிய ஸ்டைலேட்டர் படித்தறிய முற்பட்டது. அதன் பரப்பில் இரு புள்ளிகள் இருந்தன; எழுதுவோர் அவற்றைச் சார்ந்தே எண்ணுருக்களை அமைத்தல் வேண்டும். ஐவன் சதர்லண்டு 1963-இல் வெளியிட்ட ஸ்கெட்ச்பேட் ஒளிப்பேனாவைக் கொண்டு இயங்கியது. (அப்பேனா ஒளியை உமிழ்வதன்று, திரையின் ஒளியை உணர்வது. கோல் என்பதினும் கண் என்பதே அதற்குத் தகும்.)

இன்றைய பலகைக்கு நேர்முன்னோடி 1964-இல் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிஸ், எல்லிஸ் என்னும் இருவர் வெளியிட்ட ராண்ட் பலகையே. ஏறத்தாழப் பத்து அங்குலச் சதுரப் பரப்பினடியில் நுண்ணிய செப்புக் கோடுகள், அங்குலத்திற்கு 100 என்னும் அளவில், குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருந்தன. அவற்றின் வழியே செல்லும் குறியீட்டுத் துடிப்புகளைக் கோலின் நுனி ஏற்றுத் தன் இடத்தைத் தெரிவிக்கும். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இடங்களை இவ்வாறு பிரித்தறிய இயன்றது. ஆனால் கை மேசைமேல் இயங்க, கோடு எதிரேயுள்ள திரையில் தோன்றியது.

நம் ஆய்வுக்கு இன்றியமையாதது இதன்பின் நிகழ்ந்ததே. 1966-இல் கேப்ரியல் குரோனர் இப்பலகைக்கென வகுத்த எழுத்தறி முறை, கோல் தந்த புள்ளிகளை அவ்வாறே ஏற்கவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் முன்னவற்றோடு கலந்து சராசரிப்படுத்தி நடுக்கத்தை நீக்கியது. நெருங்கியவற்றுட் பலவற்றைக் களைந்தது. அதே நிறுவனத்தில் உருவான கிரெயில் என்னும் அமைப்போ, கையால் கோணலாக வரைந்த கட்டத்தை அகற்றிச் செவ்விய கட்டத்தை அவ்விடத்தில் வைத்தது. எழுத்தை அறிதற்கு இவை வேண்டுவனவே. எழுதிய கையை அறிதற்கு இவை தடையாகும். இவ்விரு நோக்கங்களும் இன்றுவரை பிரிக்கப்படாமலே வருகின்றன.

இடைக்கால வரலாற்றை விரிக்க வேண்டுவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் நியூட்டன் 1993-இல் மாந்தரின் கையெழுத்தைக் கற்க முயன்று இடர்ப்பட்டது. 1996-இல் வந்த பாம் பைலட், கிராஃபிட்டி என்னும் திரித்த எழுத்து வடிவங்களை மாந்தரே கற்குமாறு செய்து வெற்றி கண்டது. 1983-இல் ஜப்பானில் தோன்றிய வாக்கம் நிறுவனம், பலகை எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே ஆற்றல் பெறும் கோலைப் பரப்பியது. அதற்கு மின்கலம் வேண்டா. ஆப்பிள் பென்சில் 2015-இல் வந்தது.

இனி, கோலைப் பலகையோடு இணைத்தபின் செய்யும் அமைப்புகளை நோக்குவோம். கோல் நுனியும் கோடும் ஒன்றுபடுமாறு, திரையில் காட்டப்பெறும் குறிகளைத் தொட்டு நேர்ப்படுத்தும் வசதி பல கருவிகளில் உண்டு. எழுதும்போது அமரும் நிலையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். பார்வைக் கோணம் மாறின் கோடு விலகித் தோன்றும். உள்ளங்கை பட்டுத் தீற்றல் விழாதவாறு கைத்தொடுகையை நிறுத்திவிடலாம். இவை எளியன.

சீராக்கல் என்னும் அமைப்பே ஆராய்ச்சியாளர்க்குப் பகை. குரோனர் முறையின் வழித்தோன்றலான இது, பல வரைவுச் செயலிகளில் நாம் வேண்டாமலே இயங்கிக்கொண்டிருக்கும். உளி வழுக்கிய இடமும், கல்லின் பொரிவைத் தவிர்க்கக் கோடு வளைந்த இடமும் இதனால் செவ்விய வளைவாகிவிடும். வட்டெழுத்து வடிவங்களின் காலத்தை வளைவின் தன்மை கொண்டு துணிவார்க்கு இது பொய்ச் சான்று தரும். ஆதலின் அதனை முற்றும் நீக்கிய பின்னரே படியெடுத்தல் வேண்டும்.

அழுத்த அமைப்பும் அத்தகையதே. 8192 நிலைகள் வரை அழுத்தத்தைப் பகுத்துணரும் கோல்கள் உள. ஆனால் தொடக்க வரம்பை உயர்த்தி வைப்பின் மென்தொடுகை பதிவாகாது. மென்தொடுகையாக இடப்படுவது எது? புள்ளியே. எகர ஒகரக் குறில்களுக்கும் மெய்க்கும் தொல்காப்பியம் விதித்த புள்ளியை ஓலை எழுதுவோர் விட்டெழுதினர்; ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் விட்டனர் என்பது அறிஞர் பலர் காட்டும் காரணம். கல்வெட்டில் அரிதாகக் காணப்படும் புள்ளி ஒன்றைக் கண்டு படியெடுப்பவர் அதன்மேல் கோலை மெல்லத் தொட, பலகை அதனை உணராது விடின், கல்லில் உள்ள புள்ளி படியில் இல்லையாகிவிடும். கல்லைக் காணாது படியை மட்டும் கொண்டு ஆய்வார் அங்குப் புள்ளி இல்லை என்றே எழுதுவர். அழுத்த வரம்பைத் தாழ்த்தி, படியெடுப்பதற்கு முன் பத்துப் புள்ளிகளையேனும் இட்டுப் பார்த்தல் நன்று.

மைப்படியில் தாள் கல்லையே தொடுகின்றது. மின்படியில் கோல் தொடுவது ஒளிப்படத்தை. எனவே மூல ஒளிப்படத்தைத் தனி அடுக்காகக் காத்து, கோல், செயலி, சீராக்கல் அளவு, அழுத்த வரம்பு ஆகியவற்றைப் படியோடு குறித்து வைத்தல் வேண்டும். முடிந்த உருவத்தைப் படமாக மட்டும் சேமித்தல் போதாது. கோல் சென்ற புள்ளிகளை வரிசை, காலம், அழுத்தம் ஆகியவற்றோடு காக்கும் இங்க்எம்எல் என்னும் பொது வடிவம் 2011-இல் வகுக்கப்பட்டுள்ளது. அதில் காத்தால், படியெடுத்தவர் எக்கோட்டை முன்னும் எதனைப் பின்னும் வரைந்தார், எவ்விடத்துத் தயங்கினார் என்பதைப் பின்வருவோர் கண்டு, ஐயுற்ற எழுத்துகளைக் கல்லோடு ஒப்பிட இயலும்.