ஒரே விதி, பல கணக்குகள்

நாடுகளின் உற்பத்தியை வரிசைப்படுத்திய பட்டியலைக் காணும்போது, எல்லாம் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை என்று நாம் நம்பிவிடுகிறோம். அளவுகோல் இருப்பது உண்மையே. ரிச்சர்ட் ஸ்டோன் தலைமையில் உருவாகி, 1953-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட 'தேசியக் கணக்கு முறைமை' அது. 1968, 1993, 2008 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட அச்சிறு நூல் 600 பக்கங்களுக்கு மேல் வளர்ந்தது. 2025-இல் மீண்டும் திருத்தம் கண்டது. ஆனால் அதை ஏற்ற காலமும் காரணமும் நாட்டுக்கு நாடு வேறு. எதை உழைப்பென ஒப்புக்கொண்டோம் என்பதன் வரலாறும் அதனுள் இருக்கிறது.

சோவியத் ஒன்றியம் இம்முறையை ஏற்கவில்லை. பொருளை ஆக்குவதே உற்பத்தி என்னும் மார்க்சியப் பகுப்பின்படி அது தனிக்கணக்கு வைத்தது. அங்கே சரக்கு ரயில் கணக்கில் சேரும். பயணிகள் ரயில் சேராது. ஆசிரியரும் மருத்துவரும் வெளியே நின்றனர். அவ்வழியே சென்ற சீனா, சீர்திருத்தங்களுக்குப்பின் 1985-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கணிக்கத் தொடங்கி, 1993-இல் பழைய முறையைக் கைவிட்டது. ஆனால் விதி மாறியவுடன் பார்வை மாறிவிடவில்லை. முதல் பொருளாதாரக் கணக்கெடுப்புக்குப்பின், 2004-ஆம் ஆண்டின் உற்பத்தி 16.8 விழுக்காடு கூடுதலென 2005-இல் அறிவிக்கப்பட்டது. அக்கூடுதலில் மிகப்பெரும் பங்கு சேவைத் துறையினது. சட்டத்தில் நுழைந்த கடைக்காரரும் உணவகத் தொழிலாளியும் கணக்கேட்டில் நுழையப் பல ஆண்டுகள் ஆயின.

கானாவின் கதை வேறு. 1968-இன் விதியையும் 1993-ஐ அடிப்படையாண்டாகக் கொண்ட கணக்கையும் வைத்திருந்த அந்நாடு, 2010 நவம்பரில் 1993-இன் விதிக்கும் 2006 என்ற அடிப்படையாண்டுக்கும் மாறியது. உற்பத்தி ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. நாடும் கீழ்-நடுத்தர வருவாய் வரிசைக்கு ஏறியது. அக்ராவின் சந்தையில் எவர் கூலியும் அன்று கூடவில்லை. ஆனால் வரிசை மாறினால் சலுகைக் கடனுக்கான தகுதியும் நாளடைவில் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய தாமதத்துக்கு இடமில்லை. பொது நிதிக்கான பங்கு பெரிதும் தேசிய வருமானத்தைக்கொண்டே கணிக்கப்படுவதால், அங்கே கணக்கு முறையே சட்டம். 2014 செப்டம்பரில் உறுப்பு நாடுகள் ஒருங்கே புதிய விதிக்கு மாறின. அவ்வாண்டு இத்தாலியும் பிரிட்டனும் போதைப்பொருள் வணிகத்தையும் பாலியல் தொழிலையும் மதிப்பிட்டுச் சேர்த்தன.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். 1940-களில் ஸ்டோனின் கணக்கு முறையை வடக்கு ரொடீசியா, நியாசாலாந்து ஆகிய ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் பொருத்திப் பார்த்த ஃபில்லிஸ் டீன், கிராமப் பெண்களின் உழைப்பை விட்டுவிட்டால் அக்கணக்கு பொருளற்றது என்று உணர்ந்தார். 1993-இன் விதி விறகு பொறுக்குவதையும் நீர் சுமப்பதையும் வெளிப்படையாக உற்பத்தி என்றது. ஆனால் அவ்விறகில் தன் வீட்டாருக்குச் சமைப்பதும் அந்நீரில் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் உற்பத்தியல்ல. 2025-இன் திருத்தம் அவற்றுக்குத் தனிக்கணக்கு வைக்கச் சொல்கிறது, மூலத்தொகையில் சேர்க்கவில்லை.

சட்டம் விலக்கிய வணிகத்துக்கு இடமளித்த ஏடு, அடுப்படிக்கு இன்னும் இடமளிக்கவில்லை. அடுத்தமுறை அந்தப் பட்டியலைக் காணும்போது, எந்த ஆண்டின் விதி, யாருடைய உழைப்பு விடுபட்டது என்ற இரு கேள்விகளையாவது நாம் கேட்போம்.