துருத்தியும் கமான் பட்டையும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் பெருஞ்சாலையில் இருக்கிற புதுச்சத்திரத்துக்குப் பெயரிலேயே அதன் பூர்வீகம் அடங்கியிருக்கிறது. சத்திரம் என்ற ஒன்று இருந்தால் அதன் திண்ணையில் பிரயாணிகளும் அதன் மரத்தடியில் வண்டிகளும் இருந்திருக்க வேண்டும். வண்டிகள் அவிழ்த்து விடப்பட்ட இடத்தில் கழன்ற பட்டாவும், தேய்ந்த கடையாணியும், லாடம் விழுந்த மாடும் இருந்தே தீரும். ஆகவே சத்திரத்துக்கு ஒரு சமையற்காரர் எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அதற்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கொல்லுப்பட்டறை என்று ஊகிப்பதற்குச் சாசன ஆதாரம் எதுவும் வேண்டியதில்லை.

அவ்வூரில் நான் அறிந்த பட்டறை என் பாட்டி வீட்டுக்குப் பின்தெருவில் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் கிணற்றுக்கு ஓட, நான் மட்டும் பட்டறைக்கு ஓடினேன். நட்டநடுப் பகலிலும் உள்ளே இருட்டு. தாழ்ந்த கீற்றுக் கூரை, தெருப் பக்கத்தில் தொங்கும் சாக்கு, ஒரு மூலையில் உலை. ஜன்னல் வைக்க வசதியில்லை போலும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். வெயிலில் கறுப்பாகத் தெரிகிற இரும்பே நிழலில் மங்கிய சிவப்பாகத் தெரியும் என்பதும், அந்த நிறத்தைக் கொண்டுதான் கொல்லர் சூட்டை அளக்கிறார் என்பதும், ஆகையால் அந்த இருட்டும் சம்மட்டி, குறடுகளைப் போலப் பட்டறையின் ஒரு கருவிதான் என்பதும் எனக்கு விளங்க இரண்டு விடுமுறைகள் ஆயின.

"ஏனுங்க ஆசாரியாரே, நான் எப்பங்க சுத்தியல் புடிக்கிறது?" என்று கேட்டேன்.

"நெருப்பைப் பாக்கத் தெரியட்டுங் கண்ணு. அடிக்கிற கை தானா வரும்," என்றார் அவர்.

அது ஏதோ பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை அன்று. அந்தத் தொழிலின் பாடத்திட்டமே அதுதான். கொல்லர் வீட்டுப் பையன் முதலில் கற்பது கரியைத்தான். பாக்களவுக்குக் கரியை உடைத்து, தூளைச் சலித்து ஒதுக்கி, ஈரத்தைப் பார்த்து உலைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது துருத்தி. இரண்டு தோல் துருத்திகளில் ஒன்று மூச்சு வாங்கும்போது மற்றது மூச்சு விட வேண்டும். இடையில் ஒரு கணம் தவறினாலும் உலையின் முகம் வாடிவிடும். மாதக்கணக்கில் துருத்தி இழுக்கிறவன், தன்னை அறியாமலே இரும்பு கருஞ்சிவப்பிலிருந்து செம்மைக்கும், செம்மையிலிருந்து மஞ்சளுக்கும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அதன் பிறகுதான் சம்மட்டி. அதுவும் ஆசாரியாரின் சின்னச் சுத்தியல் தட்டிக் காட்டிய இடத்தில், காட்டிய கனத்தில். வாய்ப்பேச்சு எதுவும் இராது. சுத்தியல் இரும்பின் மேல் விழுந்தால் அங்கே அடி. பட்டடையின் மேல் சும்மா 'டிங்' என்று ஒலித்தால் பொறு. பக்கவாட்டில் படுத்துவிட்டால் நிறுத்து. குறடு கைக்கு வருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எனக்கு அந்தப் பொறுமை ஏது? ஒருநாள் ஆசாரியார் வெற்றிலைக்குப் போன சமயம் பார்த்து, ஒரு பழைய களைக்கொத்தை உலையில் செருகி, துருத்தியை ஆவேசமாக இழுத்துத் தள்ளினேன். செம்மை வந்தது, மஞ்சள் வந்தது, இன்னும் இன்னும் என்று பார்த்துக்கொண்டிருக்கையில் உலையிலிருந்து மத்தாப்புப் போலப் பொறி பறந்தது. அந்த அழகில் சொக்கி நின்றேன். வெளியே எடுத்தபோது அதன் நுனி தேன்கூடு போலப் பொத்தலாகி, ஒரு தட்டில் பொடிந்து உதிர்ந்தது. "இரும்பு வெந்து போச்சுங் கண்ணு, இனி அது எதுக்கும் ஆகாது," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இரும்பைத் தீயினால் கொல்லவும் கூடும் என்பதை நான் அறிந்தது அப்படித்தான்.

இந்தப் பக்கத்துச் சரித்திரத்தைப் பின்னாளில் வாசித்தபோது, கரியிலும் தீயிலும் பாடம் ஆரம்பிக்கிற அந்தச் சம்பிரதாயத்துக்கு வேரில்லாமல் இல்லை என்று கண்டேன். சேலத்தை அடுத்த கஞ்சமலையிலும் அதைச் சுற்றிய குன்றுகளிலும் காந்தத் தாது உண்டு. உருக்குகிறவர்கள் அதை இடித்து, புடைத்து, கனமான தாதுவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். சுமார் 4 அடி உயரத்தில் களிமண்ணால் ஓர் உலை, காற்றுக்கு இரண்டு ஆட்டுத்தோல், மூங்கில் குழல், தாதுவும் கரியும் மாறி மாறி. மூன்று நான்கு மணி நேரம் ஊதினால் அடியில் ஓர் இரும்புக் கட்டி தேறும். கிட்டம் ஒருபுறம் குவியும். உருக்கு வேண்டுமானால் வேலை இன்னும் நுட்பம். இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சீவி அதனுடன் மூசையில் இட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, மண்ணால் வாயை அடைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஒரு மூசைக்கு ஒரு பவுண்டு இரும்பு இட்டால் அதிகம். வயலோரத்து ஆவாரைக்கும் எருக்கிலைக்கும் உலோக சாஸ்திரத்தில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். மூடிய மூசைக்குள் கரிச்சத்தை இரும்பில் ஏற்றி அதை உருக்காக்குவதற்கு வேண்டிய பொருள் அந்தக் குச்சியும் இலையுந்தான்.

இந்த விவரங்களையெல்லாம் எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். ஒரு வகையில் அவரும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்து சேர்ந்த பையன்தான். துருத்தி இழுக்காமலே குறட்டுக்கு ஆசைப்பட்டவர். சேலத்துத் தாதுவின் உயர்வைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை விட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் சீமை முறைப்படி பெரிய உலைகளை நிறுவினார். தாது சேலம் ஜில்லாவிலிருந்து கடற்கரைக்குப் போயிற்று. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பாதையிலும் ஒரு புதுச்சத்திரம் இருப்பது வெறும் தற்செயல்தான் என்றாலும், சேலத்துத் தாது போய்ச் சேர்ந்த இடத்திலும் நம் ஊர்ப் பெயரே காத்திருந்தது என்று நினைக்கையில் எனக்கு ஒரு வேடிக்கையான திருப்தி உண்டு.

தாது குறைவில்லை, குறைந்தது கரி. ஒரு குடும்பம் மலையடிவாரத்துக் கரியைக் கொண்டு வாரம் இரண்டு முறை ஊதும் உலை வேறு, இராப்பகலாகக் காட்டையே விழுங்குகிற உலை வேறு. பணமுடையில் தொடங்கிய முயற்சி பணமுடையிலேயே தள்ளாடியது. 1853இல் வேறொரு கம்பெனி கைக்கு மாறியும் நிலைக்கவில்லை. ஹீத் அதற்கு வெகு முன்பே சீமைக்குத் திரும்பி, உருக்குச் செய்யும்போது மாங்கனீசைச் சேர்த்தால் அது நன்றாக வசப்படும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டு நகரத்து வியாபாரிகள் அதே காரியத்தைச் சற்றே மாற்றி மலிவாகச் செய்துகொள்ள, அவர் வழக்குமேல் வழக்காடி, பலன் ஒன்றும் காணாமல் 1851இல் இறந்துபோனார்.

ஹீத்தின் உலைகளுக்குச் சில ஆண்டுகள் முன்னரே இந்திய உருக்கின் மர்மத்தை அறிய முயன்ற இன்னொருவர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தால் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற அந்த மேதையின் தகப்பனார் ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் 1819இல் நம் உருக்கைப் பகுத்துப் பார்த்து, அதிலுள்ள அலுமினாதான் அதன் வீரியத்துக்குக் காரணம் என்று அபிப்பிராயப்பட்டார். அது பிழை. கொல்லர் மகன் நெருப்பருகே நிற்காமல் அமிலக் குப்பிகளின் அருகே நின்றதன் விளைவு என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆயினும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

1860களின் தொடக்கத்தில் சேலம் வழியாக ரயில் ஓடலாயிற்று. சீமைக் கம்பி இரும்பு மூட்டை மூட்டையாக இறங்கிற்று. மலையடிவாரத்து உலைகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கொல்லர் இனித் தாதுவை அறிய வேண்டியதில்லை. ஆனால் கடையில் வாங்கிய புதிய இரும்பு எந்த நிறத்தில் வளையும், எந்த நிறத்தில் வெடிக்கும் என்பதைப் பையனைப்போல முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. உள்ளூர்த் தேனிரும்பில் ஊறிப்போன கைக்கு அது எளிதாக இருந்திராது.

கொழு, மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை, கொடுவாள் என்று குடியானவர் வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் செய்து கொடுத்து, வருஷம் முழுதும் கூர்தட்டிக் கொடுத்த கொல்லருக்குக் காசு பெரும்பாலும் கிடையாது; அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தானியமாக மேரை அளந்தார்கள். மழை பொய்த்த வருஷத்தில் மேரையும் பொய்த்தது, கூர்தட்டும் வேலை மட்டும் குறையவில்லை. கிராமத்தின் பரஸ்பர உதவி என்று இதைச் சிலாகித்து எழுதுகிறவர்கள் அந்த வருஷங்களைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பட்டறையின் திருவிழா, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடும் நாள். தச்சர் குடமும் ஆர்க்காலும் வட்டையும் சேர்த்துக் கொடுத்த சக்கரத்தின் சுற்றளவை ஆசாரியார் நூல் பிடித்து அளப்பார். இரும்பு வளையத்தை அதைவிடச் சற்றுக் குறைத்தே மூட்டுவார். வெளித்திண்ணையருகே வட்டமாக வறட்டி அடுக்கி, நடுவே வளையத்தைப் புதைத்து மூட்டிய தீ சீராகப் பிடிக்கும் வரையில் ஒருவரும் உரக்கப் பேசமாட்டார்கள். பிறகு மூன்று நான்கு பேர் குறட்டால் பிடித்துத் தூக்கி, தரையில் கிடத்திய சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் புகைந்து தீப்பற்றும். அதே கணத்தில் "ஊத்துங்க!" என்று ஆசாரியார் கத்த, குடங்குடமாகத் தண்ணீர் விழும், வெண்புகைக்குள்ளிருந்து மரம் நெறுக் நெறுக்கென்று முனகும் ஓசை கேட்கும். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, தளர்ந்திருந்த ஆர்க்கால்களையெல்லாம் குடத்துக்குள் இறுக்கிக்கொள்கிறது. அளவில் சிறிது குறைந்தால் பட்டா ஏறாது. சிறிது மிகுந்தால் நாலு மைலில் கழன்று ஓடும். இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்தும் அவர் கற்றவரல்லர்.

டயர் வண்டி வந்தபோது பட்டா போடும் நாள்கள் ஓய்ந்தன. டிராக்டர் வந்தபோது கொழுவும் போயிற்று. 1970இல் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஊரார் அனைவரும் மலையே இனி உருகப் போகிறது என்று நம்பினார்கள். ஆனால் ஆலை செய்தது எவர்சில்வர்த் தகடு. அதற்கு மூலப்பொருள் வந்தது வெளியிலிருந்து. மலை அப்படியே இருக்கிறது.

பட்டறை என்ன ஆயிற்று என்று தேடினால், அதைச் சாலையோரத்தில் காணலாம். நாமக்கல் லாரிக்குப் பெயர்போன ஊர்; இந்தப் பக்கத்துச் சாலையில் பாரம் சுமந்து தளர்ந்த லாரிகளுக்கெல்லாம் கமான் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, வளைவை மீட்டு, மறுபடி அடுக்கிக் கட்டுகிற பட்டறைகள் உண்டு. உடைந்து ஒதுக்கப்பட்ட பட்டை வீணாவதில்லை. நல்ல உருக்கு அது, அரிவாளாக அடித்துக்கொள்வார்கள். தேனிரும்பைத் தண்ணீரில் முக்கிப் பழகியவர்கள் இந்த உருக்கையும் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும். எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, பிறகு இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் ஓடிப் பழுப்பாகி நீலம் தலைகாட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும். நிலக்கரியும் மரக்கரியைப் போலச் சாதுவன்று. அதிலுள்ள கந்தகம் எரிந்து புகை ஓயும் வரை இரும்பை உள்ளே விடக்கூடாது. ஆக, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை இங்கே கொல்லர் மறுபடியும் பையனாகிறார்.

சென்ற மாதம் ஒரு கமான் பட்டறையின் முன்னால் நின்றேன். துருத்தி இருந்த இடத்தில் புளோயர் இரைந்துகொண்டிருந்தது. ஆகவே துருத்தி இழுக்கிற பருவம் இன்றைய பையனுக்கு இல்லை. பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு புதுப் பையன் நீண்ட குறட்டால் ஒரு பட்டையை உலையில் திருப்பியவாறு, அதன் நடுப்பகுதியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல்வெயில் சாய்ந்து நேரே உலைமேல் விழுந்தது. அவன் திரும்பி, "நெறந் தெரியலீங்ணா," என்றான். மூத்தவர் பதில் சொல்லாமல் கையை மட்டும் காட்டினார். பையன் குறட்டை வைத்துவிட்டுப் போய், மேற்குப் பக்கத்தில் சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்துக் கீழே விட்டான்.