பிறந்த வீட்டுப் பெண்

ஆடி மாதம் பிறந்தால் புது மணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது நம் வழக்கம். மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து உண்டு, சீர் உண்டு. விருந்து முடிந்ததும் அவர் தனியாக ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டுக்கு அடங்காத மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் கொள்ள வந்தவர், வந்த இடத்திலேயே தங்கிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னார் என்ற பெயரோடு ஆண்டாளின் பக்கத்தில் நிற்கிறார். அவரைச் சுமந்து வந்த கருடனும் திரும்பவில்லை. அதே பீடத்தில் கூடவே நிற்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் கேலி செய்வதில்லை. பெண் அப்படிப்பட்ட பெண்!

அந்தப் பெண்ணின் பிறந்த நாள்தான் ஆடிப்பூரம். "தேர் பார்க்க ஒரு தடவையாவது வாருங்கள்" என்று ராஜபாளையத்து நண்பர் ஒருவர் பல வருஷங்களாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 1936-ல் அங்கே எழுந்த முதல் பெரிய ஆலைக்குப் பிறகு, சங்கின் ஒலியைக் கேட்டு நேரம் சொல்லப் பழகிய ஊர். நண்பரின் முன்னோர்கள் விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவருடைய தாயாருக்கு எண்பதுக்கு மேல் வயது. மகனிடம் தெலுங்கில் பேசிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"அந்தக் காலத்துல தேருக்குப் போனா என்னிக்குத் திரும்புவோம்னு சொல்ல முடியாது தம்பி. வண்டி கட்டி, கட்டுச்சோறும் கட்டிக்கிட்டுப் போவோம். கோதம்மா நிலைக்கு வந்து சேர நாள் கணக்காகும். நடுத்தெருவில் அவளை விட்டுட்டு எப்படி வர்றது?"

கோதம்மா! ஆண்டாளைத் தெலுங்கு பேசுகிறவர்கள் கோதை என்றே உறவு கொண்டாடுகிறார்கள். அந்த உறவு பழையது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், யுத்தங்களுக்கு இடையே உட்கார்ந்து 'ஆமுக்த மால்யதா' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். தான் சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பதே அந்தப் பெயரின் பொருள். துங்கபத்திரைக் கரையிலிருந்த சக்கரவர்த்திக்குப் பாட்டுடைத் தலைவி கிடைத்தது இந்தத் தென்கோடித் தோட்டத்தில்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கிலோமீட்டர். ஊர் வருவதற்கு முன்பே வடபத்ரசாயி கோயிலின் கோபுரம் வந்துவிடுகிறது. பதினொரு நிலைகள், 192 அடி உயரம். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், இங்கே பூஜை முடிந்த செய்தி தெரிந்த பிறகுதான் உணவில் கை வைப்பாராம். அதற்காக மதுரை வரை வழியெல்லாம் மண்டபம் கட்டி, ஒரு மணியோசை கேட்டு அடுத்த மணியை அடிக்க ஆள் வைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இரண்டு கோயில்களுக்கும் நடுவே ஒரு நந்தவனம் இருக்கிறது. துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த இடம் அது. அங்கே நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இந்தப் பெண்ணின் நட்சத்திரம் தெரியும், மாதம் தெரியும். அவள் பாட்டில் வரும் வெள்ளியையும் வியாழனையும் வைத்து, எட்டாம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் காலம்கூடக் கணித்திருக்கிறார்கள். ஆனால் பெற்றவள் யார், என்ன குலம் என்று மட்டும் தெரியாது. நம் ஊர்களில் முதலில் கேட்கும் கேள்விக்கு அவளிடம் பதில் கிடையாது!

இந்த யோசனையோடு ரத வீதிக்கு வந்தேன். ஆண்டாளும் ரங்கமன்னாரும் தேரில் ஏறியிருந்தார்கள். தேரைத் தேர் என்று சொன்னால் போதாது. ஒரு கோபுரம் கீழே இறங்கி வந்து தெருவில் நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு மரச் சக்கரங்கள். பிற்காலத்தில் இரும்புச் சக்கரங்களும் பிரேக்கும் பொருத்தினார்கள். அதன் பிறகு, நாள் கணக்கில் ஊர்ந்த தேர் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் சக்கரத்துக்கு அருகில் கட்டையோடு நடக்கும் மனிதருக்கு இன்னும் வேலை இருக்கிறது. மற்ற ஊர்களில் முட்டுக்கட்டை போடுகிறவரைத் திட்டுவோம். தேரோடும் தெருவில் அவரை நம்பித்தான் ஆயிரம் பேர் உயிரோடு நடக்கிறார்கள்.

நான் ஒரு கடைத் திண்ணையில் ஏறி நின்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வடம் என் அருகே வந்தபோது, வெயிலில் கறுத்த ஒரு கிழவி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னய்யா, வேடிக்கை பார்க்கவா வந்தீக? பிள்ளைக்குப் பிறந்த நாள்! ஒரு கை பிடிங்க."

வெட்கமாகப் போய்விட்டது. நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன்; பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு கூலிக்காரர்; பக்கத்தில் அந்தக் கிழவி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எப்போதுமே இப்படி இருந்ததா? இல்லை. ஆலயப் பிரவேசத்துக்கு வழிவிட்டுச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1939-ல்தான். அதை இன்னும் விரிவாக்கி மற்றொரு சட்டம் 1947-ல் வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் குலம் தெரியாத பெண்ணைத் தாயாராகக் கொண்டாடிய நாட்டில், குலம் தெரிந்த குற்றத்துக்காக எத்தனையோ பேர் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்! துளசிச் செடி சொல்லிக் கொடுத்ததைக் கடைசியில் சட்டப் புத்தகம்தான் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. பிரேக் பொருத்திய பிறகு தேர் வேகமாக ஓடுகிறது. மனசு என்னும் தேருக்கு இன்னும் மரச் சக்கரம்தான்.

"இழுங்கய்யா!" என்றாள் கிழவி. இழுத்தேன். தேர் அசைந்தது. என் பலத்தில் அசையவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு கணம், என்னால்தான் அசைந்தது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வடம் பிடித்த ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மாலையில் ராஜபாளையம் திரும்பியதும் நண்பரின் தாயார் கேட்டார்: "கோதம்மா நிலைக்கு வந்துட்டாளா?"

"வந்துவிட்டாள் அம்மா."

"அதுக்குள்ளேயா?" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. பதில் சொல்லாமல், வாங்கி வந்த பால்கோவாவை அவர் கையில் கொடுத்தேன். என் உள்ளங்கையில் வடத்தின் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.