மூக்குக் கண்ணாடியின் வரலாறு

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் கடிதத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்து வாசிப்பதை யாவரும் கண்டிருப்பர். இதனை நம்மவர் வெள்ளெழுத்து என்பர். கண்ணினுள் அமைந்துள்ள வில்லை வயது ஏற ஏற இறுகிப்போய், அண்மையிலுள்ள பொருளுக்கு ஏற்றவாறு குவியும் ஆற்றலை இழந்துவிடுவதே இதற்குக் காரணமாகும். அஃது ஊழ்வினையுமன்று, கண்ணேறுமன்று. மன்னனுக்கும் வரும், மரம் வெட்டுவோனுக்கும் வரும். எழுநூறு ஆண்டுகட்கு முன்னர்வரை, கற்றறிந்தவனாயினும் நாற்பதுக்கு மேல் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவனே.

இத்துன்பத்தைத் தீர்த்தவன் பெயர் நமக்குத் தெரியாது. 1306-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரில் ஜியோர்டானோ என்னும் துறவி செய்த பிரசங்கம் ஒன்று எழுத்தில் நிலைத்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி செய்யும் தொழில் தோன்றி இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லையென்றும், அதனை முதலிற் செய்தவனைத் தாம் நேரிற் கண்டு பேசியதுண்டென்றும் அவர் அதிற் கூறுகிறார். ஆனால் அவன் பெயரைச் சொன்னாரில்லை. பைசா நகரத்து மடத்தின் ஏடு மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. முதலிற் செய்தவன் அத்தொழிலைப் பிறர்க்குச் சொல்ல மறுத்தான். 1313-இல் மறைந்த அலெஸ்ஸாண்ட்ரோ டெல்லா ஸ்பீனா என்னும் துறவியோ, அதனைப் பார்த்த அளவிலே தாமே செய்து, மகிழ்ந்த உள்ளத்தோடு எல்லார்க்கும் கற்பித்தார். வித்தையை மூடிவைத்தவன் பெயரற்றுப் போனான்; பகிர்ந்தளித்தவர் பெயர் இன்றும் நிற்கிறது.

பெயரில்லாத இவ்விடத்திற் பொய் ஒன்று புகுந்த கதையும் சுவையானது. 1684-இல் பிளாரன்ஸ் நகரத்து நூலாசிரியர் ஒருவர், சால்வினோ என்னும் தம் ஊரார் ஒருவரே மூக்குக் கண்ணாடியைக் கண்டவர் என்றும், அவர் கல்லறையில் அவ்வாறு பொறிக்கப்பட்டிருந்தது என்றும் எழுதிவைத்தார். பிற்காலத்தார் அதை நம்பிச் சிலையும் சமைத்தனர். இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் பழைய ஏடுகளைத் துருவி, அது முற்றும் கட்டுக்கதை என்று மெய்ப்பித்தனர். ஊர்ப் பெருமைக்காகச் சாசனம் புனையும் வியாதி நமக்கு மட்டும் உரியதன்று போலும்!

1462-இல் மிலான் நகரப் பிரபு பிரான்செஸ்கோ ஸ்போர்ஸா, மூன்று டஜன் கண்ணாடிகள் வேண்டுமெனப் பிளாரன்சிலிருந்த தம் தூதருக்கு எழுதினார். அவற்றுள் ஒரு டஜன் தூரப் பொருளைக் காண்பதற்கானவை. ஆகவே கிட்டப்பார்வை உடையோர்க்குரிய குழிவில்லையும் அக்காலத்தே வழங்கியது என்பது பெறப்படும். எனினும் வில்லையானது கண்ணுக்கு எங்ஙனம் உதவுகிறது என்பதைக் கெப்ளர் என்னும் வானநூலார் விளக்கியது 1604-இலேதான். கண்ணின் பின்திரையில் ஒளி சரியாகக் குவியாமையே குறை. வில்லை அதனை அங்கே குவிக்கிறது என்றார். தொழிலாளியின் கை, பண்டிதரின் நூலுக்கு முந்நூறு ஆண்டு முந்திவிட்டது.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஏரி. இவரும் வானநூலாரே. வாசிக்கும்போது தம் இடக்கண் பயன்படாதிருத்தலை இவர் கவனித்தார். அட்டையொன்றில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே வரும் ஒளியை அக்கண்ணால் நோக்கினார். புள்ளி புள்ளியாகத் தெரியவில்லை, கோடாகத் தெரிந்தது. அட்டையை விலக்கிப் பிடித்தபோது அக்கோடு மற்றொரு திசையிற் குறுக்காகத் திரும்பிற்று. கண்ணின் வளைவு எல்லாப் பக்கத்தும் ஒத்ததாயில்லை என்று இவர் கண்டுகொண்டார். இக்குறையைத் தாமஸ் யங் என்பார் 1801-இலேயே தம் கண்ணிற் கண்டு எழுதியிருந்தார். மருந்து தேடியவர் ஏரி. ஒரு முகம் கோளம்போலவும், மறுமுகம் உருளைபோலவும் வளைந்த வில்லையொன்றைக் கணக்கிட்டு, இப்ஸ்விச் ஊர்த் தொழிலாளி ஒருவரைக்கொண்டு செய்வித்தார். 1825-இல் இச்செய்தியைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சபைக்கு அறிவித்தார். பயனற்றிருந்த கண் பயன்பட்டது. அஸ்டிக்மாட்டிஸம் என்று டாக்டர்கள் கூறும் குறைக்கு இன்று கொடுக்கப்படும் கண்ணாடி இவ்வழி வந்ததே.

பிற்காலத்து முன்னேற்றங்கள் கண்ணின் சுகத்தைப் பற்றியவை. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும்; இரவு விளக்கு கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம். 1935-இல் ஜெர்மனியில் ஸ்மக்குலா என்பார், மிக மெல்லிய பூச்சினால் இவ்வெதிரொளியை அடக்கும் வழி கண்டார். அதுவும் போர்க் கருவிகட்கென்று முதலில் மறைத்து வைக்கப்பட்டது! போர் விமானங்களின் எண்ணெய்த் தொட்டிக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து 1947-இல் வில்லைகள் வார்க்கப்பட்டன. மூக்கின் சுமை ஏறக்குறையப் பாதியாயிற்று. தூரம், நடு, அண்மை யாவற்றையும் கோடின்றி ஒரே வில்லையில் அடக்கும் வகை 1959-இல் பிரான்சில் வெளிவந்தது.

தோட்டங்களில் தந்தையின் கண்ணாடியை மகன் மாட்டிக்கொள்வதையும், கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடியைப் பலர் சோதனையின்றி வாங்குவதையும் கண்டிருக்கிறேன். அக்கடைக் கண்ணாடியில் இரு கண்ணுக்கும் ஒரே அளவு; உருளை வளைவு அதில் இல்லை. அதை அணிந்திருந்தால் ஏரியின் இடக்கண் புள்ளியைக் கோடாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.