காஞ்சி மாநகரத்தாரும் நகரமைப்பாளர் சங்கமும்: தலைமையும் அங்கத்தினர் ஈடுபாடும் பற்றிய ஓர் ஆய்வு

நகரமைப்பு என்பது நிபுணர்களுக்கு உரிய ஒரு தனித்தொழிலாக நம் நாட்டில் நிலைபெற்று நூறாண்டுகளுக்குச் சற்றே அதிகமாகிறது. ஆனால் நகரத்துக் காரியங்களை ஒரு கூட்டத்தார் தம்முள் முறைவைத்து ஏற்று நடத்தி, அதற்குக் கணக்கும் காட்டுகின்ற வழக்கம் காஞ்சிபுரத்துக்கு ஆயிரமாண்டுப் பழமை உடையது. பழைய அவைகளில் தலைமை எவ்வாறு அமைந்தது, அங்கத்தினர் எவ்வளவு தூரம் பொறுப்பேற்றனர், அவற்றுள் எவை இன்றைய நகரமைப்பாளர் சங்கத்துக்கு வந்து சேர்ந்தன, எவை வாராமற் போயின என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

முதற்கண் நோக்கத்தக்கது, உத்தம சோழனது பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதப்பெற்று, இன்று சென்னை அருங்காட்சியகத்தின் பெயரால் வழங்கும் செப்பேட்டுத் தொகுதி. கச்சிப்பேடு என அந்நாளில் வழங்கிய காஞ்சியின் ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு, நகரில் நிறுத்துக் கொடுக்கும் பொருளுக்கும் அளந்து கொடுக்கும் பொருளுக்கும் பெறுகின்ற கூலி உரிமையாக்கப்பட்டதையும், கோயிற்பொன் நகரத்துச் சேரிகளில் வட்டிக்கு வைக்கப்பட்டதையும் அது விவரிக்கின்றது. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகளாகிய நெசவாளரிடமே கோயில் நிர்வாகத்தின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. திருவிழா முடிந்தபின் கணக்கைப் பரிசோதிக்கும் கடமை நகர அவையினராகிய மாநகரத்தாரைச் சேர்ந்தது. நடத்துவோர் ஒரு கூட்டம், கணக்குக் கேட்போர் மற்றொரு கூட்டம் என்னும் இந்தப் பாகுபாட்டை நான் மிகவும் மதிக்கின்றேன். தறியில் அமர்ந்து தொழில் செய்தவர்களே நகரத்தின் பொது ஸ்தாபனம் ஒன்றை நடத்தத் தகுதியுடையோர் என்று ஓர் அரசன் சாசனம் எழுதிக் கொடுத்தது சாமானியமான செய்தியன்று.

அதே வட்டாரத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை, இதற்குத் துணையாக நிற்கின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரிந்த ஊரில், ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்துச் வாரியம் எனப்பட்ட குழுக்களுள் ஆண்டுக் குழுவாகிய சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என நியமித்தனர். 360 நாள் பணிசெய்தபின் அவர்கள் விலகவேண்டும்; அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் பெயர் மீண்டும் குடத்தில் இடப்படாது; கணக்குக் காட்டாதவனுக்கும் அவனுடைய நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. நிலமும் மனையும் வேதப்பயிற்சியும் உடைய பிராமண ஆடவர்க்கே அவ்வுரிமை உரியதாயிருந்தது என்னும் குறையை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. ஆயினும், தலைமை ஒருவரிடத்தே தங்கிவிடலாகாது என்னும் சிரத்தையை அவ்விதிகள் ஒவ்வொன்றிலும் காண்கிறோம்.

பிற்காலத்து அரசியல் மாறுதல்களில் இவ்வவைகள் தேய்ந்தன. 1866-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் நகராட்சியாயிற்று. கூட்டுறவுச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்திலேயே, இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் இவ்வூரிற் பதிவாயிற்று. சங்கமாகச் சேர்ந்து காரியம் செய்யும் பழக்கம் இந்நகரத்தில் மறைந்தொழியவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நவீன நகரமைப்பு இங்கு வந்த வரலாறு பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேரறிஞரோடு பிணைந்தது. சென்னை மாகாண ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்மேல் அவர் புறப்பட்டபோது, அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் சென்ற கப்பலை 1914-இல் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. நண்பர்கள் திரட்டித் தந்த புதிய பொருள்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். காஞ்சி முதலிய கோயில் நகரங்களின் அமைப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முதலில் நகரத்தை ஆராய்க, பின்னர்த் திட்டம் வரைக, இரண்டிலும் குடிமக்கள் பங்குகொள்க என்பது அவர் கோட்பாடு. பின்னர் இந்தூரில், தீபாவளி ஊர்வலம் எந்த வீதியார் தம் வீடுகளைச் செப்பனிட்டுத் தூய்மை செய்கின்றனரோ அவ்வீதி வழியே செல்லும் என்று அறிவித்து, பிளேக் நோயைக் குறிக்கும் பெரிய எலியுருவையும் அவ்வூர்வலத்திற் கொண்டுசென்று, நகரத்தார் அனைவரையும் அக்காரியத்தில் ஈடுபடுத்தினார். தேர் வருமுன் வீதியைச் செம்மை செய்யும் காஞ்சி மக்களுக்கு இம்முறையை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் திட்டமிடுதல் இயக்குநரும் அலுவலகமும் ஆற்றும் காரியமாகியது. 1949-இல் சிலர் கூடி அமைத்த நகரமைப்பாளர் குழுவிலிருந்து 1951-இல், இக்கட்டுரை சங்கம் என்று குறிக்கும் இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் உருவாயிற்று. தமிழ்நாட்டுக்கென அதன் வட்டாரக் கிளையும் ஏற்பட்டது. அங்கத்தினருள்ளிருந்தே ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுப்பதும், தகுதியைக் கல்வியால் வரையறுப்பதும் பழைய அவைகளோடு ஒத்த இயல்புகளே. ஆயின் பட்டசாலி தன் சேரியின் காரியத்தைத் தானே நடத்தினான். இன்றைய அங்கத்தினரோ பிறர் வாழும் ஊருக்குத் திட்டம் வரைகின்றார். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வரைவுத் திட்டத்தின்மேல் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்கின்றது என்பது மெய். எல்லாம் வரைந்து முடித்தபின் அபிப்பிராயம் கேட்பதும், ஆரம்பத்திலேயே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வதும் ஒன்றாகா.

இவ்வேறுபாட்டை விளக்க, காஞ்சியில் நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்து வீதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று சேலைக்குரிய பட்டுப்பாவை, அதாவது நெடுக்கு இழைகளை, ஒருசேர நீட்டினால் ஐம்பதடிக்கு மேற்பட்ட நேரான இடம் வேண்டும். வீட்டினுள் அவ்விடம் கிடையாதாகையால், வெயில் ஏறுமுன் வீதியிலேயே பாவை விரித்து, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சீர்செய்வர். வரைபடத்தில் வெறும் போக்குவரத்துப் பாதையாகக் காணப்படும் அவ்வீதி, நெசவாளனுக்குத் தொழிற்கூடமும் ஆகின்றது. அங்கே வாகனம் எந்நேரம் வரலாம், மின்கம்பம் எங்கே நிற்கலாம் என்பனவற்றை அவன் அறிந்த அளவு வேறெவரும் அறியார். ஆயினும் அங்கத்தினர்ப் பட்டியலில் அவனுக்கு இடமில்லை.

2021-இல் காஞ்சிபுரம் மாநகராட்சியாக உயர்ந்தது. இனி வரும் திட்டங்கள் முன்னையவற்றினும் விரிந்தவையாகவே இருக்கும். ஆகலின் வட்டாரக் கிளையின் அங்கத்தினர்க்கு என் விண்ணப்பம் இது: காஞ்சிக்கென ஒரு நிலையான குழுவை அமையுங்கள், அதன் தலைமையை ஆண்டுதோறும் மாற்றுங்கள், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரையும் வீதிவாசிகளையும் அதில் முழு உரிமையோடு அமர்த்துங்கள், ஆண்டுக்கொருமுறை, திருவிழா முடிந்ததும், செய்த பணியின் கணக்கை ஊரார்முன் வாசியுங்கள்.